வாக்குரிமை: பிரான்ஸ் தாவியது ஏன், பிரிட்டன் படியேறியது ஏன்?

ஐரோப்பிய வரலாறு படிப்பவர்களைத் தவறாமல் குழப்பும் ஒரு தேதிக் கணக்கு உண்டு. பிரான்ஸில் வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை 1848-லேயே கிடைத்துவிட்டது. நாடாளுமன்ற ஆட்சிமுறையின் தாய்வீடு என்று பெயர்பெற்ற பிரிட்டனில் அது வந்து சேர 1918 ஆனது. எழுபது ஆண்டு தாமதம். ஆனால் அதே 1918-ல் பிரிட்டன் பெண்களில் ஒரு பகுதியினருக்கும் வாக்குரிமை வழங்கியது. 1928-ல் ஆண்களுக்குச் சமமாக அவர்கள் அனைவருக்கும் வழங்கியது. பிரெஞ்சுப் பெண்களுக்கோ 1944-ல்தான் சட்டம் வந்தது. அவர்கள் முதன்முதலாக வாக்களித்த நாள் 1945 ஏப்ரல் 29. ஆண்கள் விஷயத்தில் அவ்வளவு முந்திய நாடு, பெண்கள் விஷயத்தில் இவ்வளவு பிந்தியது ஏன்?

பிரெஞ்சுக்காரர்கள் ஆவேசக்காரர்கள், ஆங்கிலேயர்கள் நிதானக்காரர்கள் என்று சுபாவத்தைக் காரணம் காட்டுவது பழைய வழக்கம். அது ஆண்களின் கதைக்கு ஓரளவு பொருந்துவதுபோல் தோன்றினாலும், பெண்களின் கதையை அதனால் விளக்கவே முடியாது. வாக்கு என்பது என்ன பொருள் என்று இரு சமூகங்களும் வைத்திருந்த எண்ணத்திலிருந்து தொடங்கினால் இரண்டுக்கும் சேர்த்து விடை கிடைக்கிறது. பிரிட்டனில் அது சொத்தோடும் நடத்தையோடும் ஒட்டிய தகுதி. பிரான்ஸில், 1848-க்குப் பிறகு, அது குடிமகன் என்ற நிலையோடு ஒட்டிய உரிமை.

முதலில் சில சொற்கள்

1. சொத்துத் தகுதி: குறிப்பிட்ட மதிப்புள்ள நிலமோ வீடோ வைத்திருப்பவர், அல்லது குறிப்பிட்ட வாடகைக்கு மேல் குடியிருப்பவர் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற விதி. இது பிரிட்டனின் முறை.

2. வரித் தகுதி: அரசுக்கு ஆண்டுதோறும் இவ்வளவு நேரடி வரி கட்டுபவரே வாக்காளர் என்ற விதி. 1814 முதல் 1848 வரை பிரான்ஸில் இருந்தது இதுதான்.

3. அழுகிய தொகுதி: மக்கள் வெளியேறிவிட்ட பிறகும் உறுப்பினரை அனுப்பும் உரிமையை இழக்காத பழைய ஊர். அந்த இடத்தின் நிலச்சொந்தக்காரர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவரே உறுப்பினர்.

4. பொது வாக்குரிமை: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களில் இந்தச் சொல் வந்தால், அநேகமாக எப்போதும் ஆண்களை மட்டுமே குறிக்கும். மேலே சொன்ன குழப்பத்தில் பாதி இந்தச் சொல்லாலேயே வருகிறது.

உலை கொதிக்கும் அடுப்பு

1832-க்கு முந்தைய பிரிட்டிஷ் தேர்தல் முறையை ‘முறை’ என்று சொல்வதே மிகை. கிராமப்புற மாவட்டங்களில், ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் இருப்பவருக்கு வாக்கு உண்டு என்ற விதி 1430 முதல் மாறாமல் இருந்தது. நகரத் தொகுதிகளிலோ ஊருக்கு ஒரு வழக்கம். ஓர் ஊரில் நகராட்சி மன்றத்தார் மட்டும் வாக்களிப்பர்; இன்னோர் ஊரில் உள்ளூர் வரி கட்டுவோர்; வேறு சில ஊர்களில் தனக்கென்று அடுப்பு வைத்து உலை கொதிக்கவிடும் எந்தக் குடித்தனக்காரருக்கும் வாக்கு. தேர்தல் நெருங்கும்போது, தான் தனிக் குடித்தனம்தான் என்று நாலுபேர் பார்க்க வீட்டு வாசலில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் காட்டியவர்கள் உண்டு என்று சொல்வார்கள்.

தொகுதிகள் நிலையோ அதைவிட விசித்திரம். சால்ஸ்பரிக்கு அருகிலுள்ள ஓல்ட் சாரம், ஆள் குடியில்லாத மேடு. அதற்கு இரண்டு உறுப்பினர்கள். கிழக்குக் கரையிலிருந்த டன்விச் துறைமுகத்தின் பெரும்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. அதற்கும் இரண்டு உறுப்பினர்கள். பருத்தி ஆலைகளால் லட்சத்துக்கு மேல் மக்கள் குவிந்துவிட்ட மான்செஸ்டருக்கும், பர்மிங்காமுக்கும் லீட்ஸுக்கும் தனி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 1819 ஆகஸ்ட் 16 அன்று இதைக் கேட்க மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர் திடலில் சுமார் 60,000 பேர் கூடியபோது குதிரைப்படை கூட்டத்துக்குள் பாய்ந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் மாண்டார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். நெப்போலியனை வீழ்த்திய வாட்டர்லூ போர் வெற்றியின் பெருமை அடங்காத காலம் அது. உள்ளூர்ப் பத்திரிகை கசப்போடு இதற்கு ‘பீட்டர்லூ’ என்று பெயரிட்டது.

1832: யார் உள்ளே, யார் வெளியே

1830 ஜூலையில் பாரிஸில் அரசர் பத்தாம் சார்ல் மூன்றே நாளில் அகற்றப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டனில் பிரதமர் வெலிங்டனின் அமைச்சரவை விழுந்து கிரே பிரபு பிரதமரானார். கிரே ஜனநாயகவாதி அல்லர். பெரும் நிலவுடைமைப் பிரபு. புதிய நடுத்தர வர்க்கத்துக்கு, அதாவது ஆலை முதலாளி, வணிகர், வழக்கறிஞர் ஆகியோருக்கு, இடம் விடாவிட்டால் அவர்கள் தொழிலாளர்களோடு கைகோத்துவிடுவார்கள் என்பதே அவருடைய கணக்கு. 1831 மார்ச்சில் அவருடைய அரசின் தேர்தல் சீர்திருத்த மசோதா நாடாளுமன்றக் கீழவையில் இரண்டாம் வாசிப்பில் 302-க்கு 301 என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில் தேறியது. அக்டோபரில் பிரபுக்கள் சபை நிராகரித்தது; பிரிஸ்டல் நகரம் மூன்று நாள் எரிந்தது, நாட்டிங்காமில் கோட்டைக்குத் தீ வைக்கப்பட்டது. 1832 மே மாதத்தில் வங்கியிலிருந்து தங்கத்தை எடுத்து அரசை முடக்குவோம் என்ற பிரசாரம் பரவிய பிறகே பிரபுக்கள் வழிவிட்டார்கள்.

ஜூன் 7-ல் சட்டமான அந்த மசோதாவின் விளைவுகள் மூன்று:

1. 56 சிறு தொகுதிகள் ஒழிந்தன, 30 தொகுதிகள் தலா ஓர் உறுப்பினரை இழந்தன; மான்செஸ்டர் போன்ற நகரங்களுக்கு இடம் கிடைத்தது.

2. நகரங்களில் ஆண்டு மதிப்பு 10 பவுண்டு உள்ள வீட்டில் குடியிருக்கும் ஆணுக்கு வாக்கு என்ற ஒரே சீரான விதி வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய 6.5 லட்சமானது, வயதுவந்த ஆண்களில் ஐந்தில் ஒருவர் என்று கொள்ளலாம்.

3. பழைய அடுப்பு வாக்காளர்களின் உரிமை அவரவர் ஆயுளோடு முடிந்தது, வாரிசு இல்லை. வாக்காளர் ‘ஆண்’ ஆக இருக்க வேண்டும் என்ற சொல்லும் முதன்முறையாகச் சட்டத்தில் ஏறியது. அதுவரை பெண்களை விலக்கி வைத்தது வழக்கம்தான், சட்டம் அன்று.

மூன்றாவது விளைவைப் பாடப்புத்தகங்கள் ஓரமாகத் தள்ளிவிடுகின்றன. சீர்திருத்தம் என்றால் உரிமை விரிவது மட்டுமே என்ற எண்ணம் அதற்குக் காரணமாக இருக்கலாம். உண்மையில் 1832 ஒரு வேலி. முன்பு ஒழுங்கற்றுக் கிடந்ததை ஒழுங்காக அடைத்தது. ஆனால் அந்த வேலியின் உயரம் ஓர் எண்ணாக இருந்தது: 10 பவுண்டு. எண்ணாக இருப்பதைப் பிறகு குறைக்கலாம். பிரிட்டனின் அடுத்த நூறாண்டுக் கதை அந்த எண்ணைக் குறைத்த கதைதான்.

பிரான்ஸ்: ஒரு படி மறுக்கப்பட்டபோது

பத்தாம் சார்ல் ஆட்சியில், 30 வயது நிரம்பி, ஆண்டுக்கு 300 பிராங்கு நேரடி வரி கட்டுபவரே வாக்காளர். மூன்று கோடி மக்களில் சுமார் ஒரு லட்சம் பேர். 1830 ஜூலையில் அவர் வெளியிட்ட ஆணைகளில் ஒன்று, வணிக உரிம வரியை அந்தக் கணக்கிலிருந்து நீக்கியது. நிலவரி மட்டுமே எண்ணப்படும்; ஆக, ஆலை முதலாளியும் கடைக்காரரும் பட்டியலிலிருந்து விழுவார்கள். இன்னோர் ஆணை பத்திரிகைகளை முடக்கியது; அச்சுக்கூடங்கள் மூடப்பட்டதால் வேலையிழந்த அச்சுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். வாக்கிழந்த முதலாளியும் வேலையிழந்த தொழிலாளியும் ஒரே வாரத்தில் ஒரே பக்கம் நின்றதுதான் அந்த மூன்று நாள் புரட்சி.

அடுத்து வந்த லூயி பிலிப் ‘பிரெஞ்சு மக்களின் அரசர்’ என்று தம்மை அழைத்துக்கொண்டார். வரித் தகுதி 200 பிராங்காக இறங்கியது. 1840களின் நடுவில் வாக்காளர் சுமார் 2.4 லட்சம் பேர். மக்கள்தொகை மூன்றரைக் கோடி. அதாவது 1832-க்குப் பிந்தைய பிரிட்டனோடு ஒப்பிட்டால் அன்றைய பிரான்ஸ்தான் குறுகலான நாடு. ‘பிரான்ஸ் எப்போதும் முன்னே’ என்பது பிற்காலத்து நினைப்பு.

இதற்கிடையே 1831 நவம்பரில் லியோன் நகரப் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெய்த துணிக்குக் குறைந்தபட்சக் கூலி விகிதம் ஒன்றை மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் வணிகர்களும் நெசவாளர்களும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பல வணிகர்கள் அதை மதிக்க மறுத்தார்கள். ‘உழைத்து வாழ்வோம், அல்லது போரிட்டுச் சாவோம்’ என்று எழுதிய கறுப்புக் கொடியோடு நெசவாளர்கள் நகரத்தைப் பிடித்தார்கள். படை வந்து மீட்டது, கூலி விகிதம் ரத்தானது. சட்டத்தின் பார்வையில் கூலி என்பது இரு தனி நபர்களின் ஒப்பந்தம். தொழிலாளர் சங்கம் சேருவதே 1791 முதல் குற்றம்.

வாக்காளர் வரம்பை 100 பிராங்காகக் குறைக்க வேண்டும் என்று 1847-ல் எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். இது புரட்சிக் கோரிக்கை அன்று. வாக்காளர் எண்ணிக்கையைச் சற்றே கூட்டியிருக்கும், அவ்வளவுதான். அமைச்சரவையை நடத்திவந்த கிஸோ மறுத்தார். வாக்கு வேண்டுவோர் உழைத்துச் சேமித்துச் செல்வராகி அந்தத் தகுதியை எட்டட்டும் என்பது அவர் நிலை. அரசியல் கூட்டங்களுக்குத் தடை இருந்ததால், எதிர்க்கட்சியினர் விருந்து என்ற பெயரில் கூடினார்கள். 1848 பிப்ரவரி 22-ல் நடக்கவிருந்த பாரிஸ் விருந்து தடுக்கப்பட்டது. மறுநாள் இரவு துப்பாக்கிச் சூடு. 24-ல் அரசர் முடி துறந்தார். மார்ச் 5 ஆணைப்படி 21 வயதான ஆண்கள் அனைவரும் வாக்காளர். இரண்டரை லட்சத்துக்கும் குறைவாக இருந்த எண்ணிக்கை 90 லட்சத்தைத் தாண்டியது.

ஒரு படி இறங்க மறுத்ததால் ஏணியே விழுந்தது. பிரிட்டனின் பிரபுக்கள் 1832-ல் தயக்கத்தோடு விட்டுக்கொடுத்த அந்த ஒரு படியே 1848-ல் அவர்களைக் காத்தது. அந்த ஏப்ரல் 10 அன்று ‘மக்கள் சாசன’ இயக்கத்தார் லண்டன் கென்னிங்டன் திடலில் பொது வாக்குரிமை கேட்டுத் திரண்டபோது, 1832-ல் வாக்குப் பெற்ற கடைக்காரரும் எழுத்தரும் சிறப்புக் காவலர்களாகக் கைத்தடியோடு அரசின் பக்கம் நின்றார்கள்.

‘மரியாதையான’ தொழிலாளி

பிரிட்டனில் அடுத்த படி 1867-ல் இறங்கியது. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டில் மாறியது வாக்கைப் பற்றிய கோட்பாடு அன்று, தொழிலாளியைப் பற்றிய மதிப்பீடு.

1844 டிசம்பரில் ராச்டேல் ஊரில் 28 பேர் சேர்ந்து, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவத்தியும் விற்கும் ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, கடன் கிடையாது, லாபம் வாங்கியவருக்கே. இத்தகைய கடைகள், நோய்க்கும் சாவுக்கும் பணம் ஒதுக்கும் சங்கங்கள், மதுவிலக்குச் சங்கங்கள், 1861-ல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கி எல்லாம் சேர்ந்து, சேமிக்கிற, குடிக்காத, கடன்படாத ‘மரியாதையான தொழிலாளி’ என்ற உருவத்தைப் பொதுமனத்தில் நிறுத்தின.

அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டபோது அந்த உருவத்துக்குச் சோதனை வந்தது. வந்த மாற்றுப் பருத்தி பெரும்பாலும் இந்தியாவின் ‘சூரத்’ பருத்தி. இழை குட்டை, அடிக்கடி அறுந்துவிடும், துண்டுக் கூலி பாதியாகிவிடும் என்று நெசவாளர்கள் சபித்த சரக்கு. அப்படிப் பட்டினி கிடந்தும் 1862-ன் கடைசி நாளில் மான்செஸ்டரில் கூடிய தொழிலாளர்கள் அடிமை முறையை எதிர்க்கும் வடக்கையே ஆதரித்தார்கள்; லிங்கன் அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். இந்தப் பொறுமையைக் காட்டியவர்களுக்கா வாக்கு மறுப்பது என்று அமைச்சர் கிளாட்ஸ்டன் நாடாளுமன்றத்தில் கேட்டார்.

இந்த வாதத்தின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். ‘மனிதர்கள், ஆகவே உரிமை’ என்று அவர் சொல்லவில்லை. ‘நல்லவர்கள், ஆகவே தகுதி’ என்றார். 1867-ல் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர்களுள் ஒருவரான டிஸ்ரேலி நிறைவேற்றிய சட்டம் நகரங்களில் குடித்தனக்காரர்களுக்கும், 1884 சட்டம் கிராமங்களில் அவ்வாறானவர்களுக்கும் வாக்குரிமை அளித்தது. ஆயினும் ஒரே முகவரியில் ஓராண்டு இருந்தாக வேண்டும் என்பதால் வேலை தேடி இடம் மாறுபவர் விழுந்தார்; பெற்றோர் வீட்டிலிருக்கும் மகன் விழுந்தான்; வறியோர் நிவாரணம் வாங்கியவர் விழுந்தார். 1914-லும் ஆண்களில் பத்தில் நால்வருக்கு வாக்கு இல்லை. மறுபுறம், தனித் தொழிற்கூடமோ பல்கலைக்கழகப் பட்டமோ உள்ளவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கு வைத்திருந்தார்கள். அந்தச் சலுகையின் மிச்சம் ஒழிந்தது 1948-ல்.

உரிமை வந்தது, திரை வரவில்லை

1848 ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு. பிரான்ஸில் ஆண்களின் பொது வாக்குரிமைப்படி நடந்த முதல் நேரடித் தேர்தல். நார்மண்டியில் தம் ஊரார் வாக்களிக்கப் போன காட்சியை அரசியல் சிந்தனையாளர் தொக்வில் எழுதிவைத்திருக்கிறார். ஊரின் ஆண்கள் காலையில் தேவாலயத்தின் முன் கூடி அகரவரிசைப்படி நிரை கட்டி, சுமார் நான்கு கிலோமீட்டர் தூரத்திலுள்ள வாக்குச்சாவடிக்கு நடந்தார்கள். முடியாதவர்கள் பின்னால் வண்டிகளில். நிலச்சொந்தக்காரரான தொக்வில் வழியில் ஒரு மேட்டில் நின்று புத்திமதி சொன்னார். அநேகமாக அனைவரும் ஒரே ஆளுக்கு, அதாவது அவருக்கே, வாக்களித்ததாக அவரே நினைத்தார்.

வாக்குச்சீட்டு அப்போது வெளியிலிருந்து கொண்டுவரப்படும். தாளின் நிறத்தையும் தடிமனையும் பார்த்தே யாருக்கு என்று முதலாளியோ மேயரோ கண்டுபிடிக்கலாம். உறையும் மறைப்புத் திரையும் கட்டாயமானது 1913-ல். பிரிட்டனில் 1872 வரை மேடையேறி வேட்பாளர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அது புத்தகமாக அச்சாகி விற்கவும் படும். 1872-ல் ரகசிய வாக்கு வந்தது. முதல் இடைத்தேர்தல் ஆகஸ்ட் 15-ல் பான்டிஃபிராக்டில். அவ்வூர் அதிமதுர மிட்டாய்க்குப் பேர்போனது, மிட்டாயில் குத்தும் முத்திரையையே எடுத்து வாக்குப்பெட்டிக்கு அரக்குச் சீல் வைத்தார்கள். ஆக, உரிமையில் பிரான்ஸ் 70 ஆண்டு முன்னே. அதைப் பயமின்றிச் செலுத்தும் ஏற்பாட்டில் பிரிட்டன் 41 ஆண்டு முன்னே.

பெண்கள் ஏன் காத்திருந்தார்கள்

1848 டிசம்பரில் பிரான்ஸில் நடந்த அதிபர் தேர்தலில், பேரரசர் நெப்போலியனின் தம்பி மகன் லூயி நெப்போலியன் முக்கால்வாசி வாக்கு பெற்றார். மூன்றாண்டில் ஆட்சிக்கவிழ்ப்பு நடத்திக் குடியரசை முடித்தார். கிராமத்து மக்கள் பாதிரியார் பேச்சைக் கேட்டு வாக்களித்ததால் வந்த வினை என்று குடியரசுவாதிகள் முடிவு கட்டினார்கள். வாக்கைத் திரும்பப் பறிக்க அவர்களுடைய கோட்பாடு இடம் தராது. ஆகவே வாக்காளரைத் திருத்த வேண்டும். 1881, 1882-ல் அமைச்சர் ழூல் ஃபெரி கொண்டுவந்த இலவச, கட்டாய, சமயச் சார்பற்ற தொடக்கக் கல்வியின் அரசியல் வேர் இங்கே இருக்கிறது.

அந்த அச்சமே பெண்கள்மேல் அப்படியே விழுந்தது. கன்னியாஸ்திரீகளின் பள்ளிகளில் படித்த பெண்கள் வாக்களித்தால் திருச்சபை ஆட்சிக்கு வந்துவிடும் என்று சொன்னவர்கள் மன்னராட்சி ஆதரவாளர்கள் அல்லர், இடதுசாரிக் குடியரசுவாதிகள். கூடவே 1804 குடிமைச் சட்டம் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று விதித்தது; திருமணமான பெண் தன் கூலியைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை 1907-ல்தான் வந்தது. கீழவை 1919-ல் பெண் வாக்குரிமையை ஏற்றது, செனட் 1922-ல் தள்ளியது. 1936-ல் பிரதமர் பிளுமின் அமைச்சரவையில் மூன்று பெண்கள் துணை அமைச்சர்களாக இருந்தார்கள். மூவருக்கும் வாக்கு இல்லை.

பிரிட்டனில் வாதம் வேறு பாதையில் போனது. வாக்கு சொத்தைச் சார்ந்தது என்றால், சொத்துள்ள பெண்ணை விலக்க என்ன நியாயம்? தத்துவஞானியும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் 1867-ல் ‘ஆண்’ என்பதற்குப் பதில் ‘நபர்’ என்று போடச் சொன்ன திருத்தம் 73-க்கு 196 என்று தோற்றது. ஆனால் 1869-ல் வரி கட்டும் மணமாகாத பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் நகராட்சி வாக்கு கிடைத்தது. 1882-ல் மணமான பெண்ணின் சொத்து அவளுடையதே என்று சட்டமானது. 1918-லும் 30 வயது, தன் பேரிலோ கணவர் பேரிலோ வீடு என்ற நிபந்தனையோடுதான் பெண்ணுக்கு வாக்கு வந்தது. ஏணி ஏழையைத் தடுத்தது. ஆனால் அதன் படிகளில் பெண்ணுக்கும் கால் வைக்க இடம் இருந்தது. பிரான்ஸில் ஏணியே இல்லை. பொதுவானது என்று ஒருமுறை அறிவித்துவிட்ட உரிமையில் விடுபட்டவருக்கு எந்த வாசல் வழியாக நுழைவது?

கடலூரும் புதுச்சேரியும்

இரு முறைகளும் தமிழ்க் கரையில் அருகருகே நடைமுறைக்கு வந்தன. 1848-ல் பிரெஞ்சு இந்தியப் பகுதிகளுக்கும் பாரிஸ் சபையில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. லூயி நெப்போலியன் ஆட்சியில் அது பறிபோய் 1871-ல் மீண்டது. ஆண் என்றால் வாக்கு என்பதே அங்கும் விதி, தேர்தல் முறைகேடுகள் எவ்வளவு மலிந்திருந்தாலும். பிரிட்டிஷ் சென்னை மாகாணமோ சொத்துத் தகுதி வழியில் போனது; அந்தத் தகுதியுள்ள பெண்களுக்கும் வாக்கு உண்டு என்று 1921-ல் சென்னைச் சட்டமன்றம் தீர்மானித்தது. அதனால் 1920களில், கடலூரில் நிலவரி கட்டும் ஒரு பெண் வாக்காளர், அவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர் வாக்காளர் அல்லர். சில மைல் வடக்கே, எல்லைக்கு அந்தப் பக்கம், கூலிக்கு உழுதவர் பெயர் பட்டியலில் இருக்கலாம். நிலத்தின் சொந்தக்காரி எவ்வளவு செல்வம் படைத்தவரானாலும் அவர் பெயர் இருக்காது.